பூங்காவின் எல்லையை மார்கழிக் கடல் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு நகரக் கடற்கரையோரம் பொதுமக்களுக்கென ஒரு பூங்கா வேண்டும் என்ற பேச்சு எங்கள் ஊரில் நெடுநாளாக இருந்து வருகிறது. சனசமூக நிலையத்தில் நாலு பேர் கூடினாலும், பாடசாலை விடும் நேரத்தில் பெற்றோர் வாசலில் காத்து நின்றாலும் அந்தப் பேச்சு எப்படியோ வந்து சேர்கிறது. நானும் அதை மனமார விரும்புகிறவன். ஆனால் அந்தப் பூங்கா எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதை, வரைபடம் கீறப்படுவதற்கும் கேள்விப்பத்திரம் கோரப்படுவதற்கும் முன்னரே ஊர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஊரவர் முன்பும், முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் நகரில் மாலை நேரத்தில் குடும்பமாகச் சென்று அமர ஓர் இடம் இல்லை. கடற்கரைக்கு வருகிறவர்கள் கரையில் ஏற்றி வைத்த படகுகளின் நிழலில் ஒதுங்குகிறார்கள்; படகுக்காரர் வந்ததும் எழுந்து நகர்கிறார்கள். வெயில் சாயும்வரை அந்த மணலில் குழந்தையின் காலை வைக்க முடியாது. வெயில் சாய்ந்த சிறிது நேரத்தில் இருட்டிவிடுகிறது. இருட்டிய பின் பெண்கள் அங்கு நிற்க அஞ்சுகிறார்கள். வயது போனவர்கள், கால் இழந்தவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் எல்லோரும் வீதியோரத்தில் நின்று கடலைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடலோடு பிறந்து வளர்ந்த ஊருக்கு இது பெரிய குறை. எனவே பூங்கா தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில் கடலோரம் அமைக்கப்பட்ட ஒரு சிறிய பூங்காவை அது திறக்கப்பட்ட மாதத்திலும், இரண்டு மாரி கழிந்த பின்னரும் பார்த்தேன். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆகவே ஊரின் பெயரையும் கட்டியவர்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். முதல் முறை சென்றபோது புற்றரை பச்சைப் பசேலென்று இருந்தது. பவுசரில் கொண்டுவந்த தண்ணீரால் அது வளர்க்கப்பட்டது என்று அங்கு வேலை செய்தவர் சொன்னார். கடற்பக்கமாக இடுப்பளவு உயரத்தில் கொங்கிறீற் மதில் ஒன்றும், அதையொட்டி வர்ணம் பூசிய இரும்பு வாங்குகளும், பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் இருந்தன. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னால் இருந்த மணல்மேட்டைச் சமப்படுத்தியிருந்தார்கள். எனக்கும் அது அன்று அழகாகவே தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் முறை சென்றபோது பவுசர் வருவது நின்றிருந்தது. புல் இருந்த இடத்தில் காய்ந்த மண்ணும் முள்ளும் கிடந்தன. ஊஞ்சலின் சங்கிலி உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்து, ஒரு பக்கமாகத் தொங்கியது. வாங்குகளின் இரும்புக் கால்களைத் துரு அரித்து, இருக்கைகள் சரிந்திருந்தன. மதிலின் அடியிலிருந்த மணலை அலை சுரண்டியெடுத்திருந்தபடியால் மதிலின் ஒரு துண்டு கடற்பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. மலசலகூடத்தின் கதவு பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது அயலில் எவருக்கும் தெரியவில்லை. கட்டாக்காலி மாடுகள் வாங்குகளுக்கிடையே படுத்திருந்தன. பொதுப்பணம் இப்படிப் போனதே என்ற வருத்தத்தோடு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ‘பூங்கா என்றால் இப்படித்தான்’ என்ற எண்ணம் பதிந்துவிடுமே என்ற கவலையும் எனக்கு வந்தது. எங்கள் ஊரில் அது நடக்கக் கூடாது.

அங்கே நடந்த பிழைகளுக்கெல்லாம் மூலப்பிழை ஒன்றே: கடற்கரையை அசையாத நிலமாக எண்ணியது. நான் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன். வாடைக் காற்று வீசும் மாதங்களில் பெரிய அலைகள் கரையின் மணலை அள்ளிக்கொண்டு போய்ச் சற்றுத் தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் போடுகின்றன. காற்றுத் தணிந்த பின் வரும் சிறிய அலைகள் அதே மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. அதனால்தான் ஆடி, ஆவணியில் அகன்று கிடக்கும் கடற்கரை மார்கழியில் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் போதிய இடம் இருக்கும்வரை கடற்கரை உயிரோடிருக்கும். அந்த இடத்துக்குள் மதிலைக் கட்டினால், அலை மதிலில் மோதி அதன் காலடி மணலையே கரைத்துக்கொண்டு போகும்; திரும்பி வர வேண்டிய மணலுக்கும் தங்க இடம் இராது.

கரையில் கல்லையும் கொங்கிறீற்றையும் போடுவதன் விளைவு அந்த ஓர் இடத்தோடு நின்றுவிடுவதுமில்லை. அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் துறைமுகத்துக்காக அலைதடுப்பு அணைகள் கட்டப்பட்டபின், கரையோரமாக நகர்ந்து செல்லும் மணல் தடைப்பட்டு, வடபுறத்துக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் போயின; கடற்றொழிலாளர் படகு ஏற்றும் கரையை இழந்தார்கள். துறைமுகமும் பூங்காவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் மணலின் நடையைத் தடுத்தால் அதன் விலையை அயலூர் கொடுக்க நேரும் என்பதற்கு, எங்களைப் போன்ற தமிழ் பேசும் மக்களின் கரையிலேயே கண்ட சான்று அது.

மணல்மேட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். பற்றை என்று எண்ணி, துப்புரவு செய்யும்போது அவற்றையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். காற்று அடித்துவரும் மணலைப் பிடித்து நிறுத்துபவை அவைதான். கொடி பிடித்த மணல் சிறு திட்டாகி, திட்டின் மேல் மீண்டும் கொடி ஏறி, ஆண்டாண்டாகச் சேர்ந்து உருவானதுதான் மணல்மேடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் முன்னோர் சொன்னதன் நேரடிப் பொருளைக் காண விரும்புகிறவர்கள், மாரியில் ஒருநாள் காலை கொடி படர்ந்த இடத்தையும் கொடி வெட்டிய இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் குடும்பத்தின் வீடு அன்று போயிற்று. கிணறு மட்டும் எஞ்சியது. எந்த மணல்மேடும் அந்த அளவு கடலை முற்றாகத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டின் தென்கிழக்கே யால பகுதியில், உயர்ந்த மணல்மேடுகள் குலையாமல் இருந்த இடங்களில் கடல் அவற்றைத் தாண்டவில்லை என்பதையும், காட்சிக்காக மேடு அகற்றப்பட்ட ஒரு விடுதி இருந்த இடத்தின் வழியாக நீர் புகுந்து அதை அடியோடு அழித்தது என்பதையும் பின்னர் ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் தெரிய வேண்டும் என்பதற்காக எங்கள் மேட்டில் ஒரு கூடை மணலைத்தானும் எவரும் அள்ளக்கூடாது என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான். கடலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மேட்டின் மேலாக, தூண்களில் உயர்த்திய மரநடைபாதை ஒன்று போதும். அதன் கீழே காற்றும் மணலும் தடையின்றிப் போய்வரும்.

ஆகவே பூங்கா மணல்மேட்டுக்குப் பின்னால், தரைப்பக்கமாகவே அமைய வேண்டும். அப்படியானால் மேடு எங்கே முடிகிறது, கடல் எதுவரை ஏறும் என்ற கேள்விகள் எழும். அளவெடுப்பவர்கள் வழக்கமாகக் கோடையில்தான் வருகிறார்கள். அப்போது பாதை நன்றாக இருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். அந்த அளவை வைத்து எல்லை போட்டால் அது பிழையான எல்லையாகவே இருக்கும். அளவுநாடாவை மார்கழியில், பருவக்காற்று உச்சத்தில் இருக்கும்போது பிடிக்க வேண்டும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய நாட்களில் கடல் எதுவரை வந்தது என்பதைக் கரையோர வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் விரலால் சுட்டிக் காட்டுவார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த அறிவை முதலில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கடலோர மணலுக்கடியில் மழைநீர் ஒரு நன்னீர்ப் படலமாக, கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் படித்தவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. அதை மறுபுறமாகவும் படிக்க வேண்டும்: இறைத்து இறைத்து நன்னீரின் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி மேலேறி வர இடமாகும். எங்கள் மாவட்டம் வரண்ட வலயத்தில் உள்ளது; மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. இந்த நிலத்தில் குழாய்க்கிணறு தோண்டி, மோட்டர் பூட்டி, கோடை முழுவதும் புற்றரைக்குத் தண்ணீர் பாய்ச்சினால், பூங்காவின் புல் இரண்டு வருடம் பச்சையாக இருப்பதற்காக அயல்வீட்டுக் கிணறுகள் உவராகிவிடும். உவரான கிணற்றை மீட்பது எளிதன்று என்பதைச் சுனாமிக்குப் பின் கிணறு இறைத்துப் பார்த்த எல்லோரும் அறிவோம். நல்ல மழை பெறும் கொழும்பிலேயே, 1859 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் நடைபாதை அமைக்கப்பட்ட காலிமுகத் திடலில், புல் தேய்ந்து புழுதியாவதும் திரும்பத் திரும்பப் புல் பதிப்பதுமாகவே இருந்து வந்திருக்கிறது. இங்கே புற்றரைக்கு ஆசைப்படுவது பொருந்தாது.

அதற்குப் பதிலாக நிழலுக்கு ஆசைப்பட வேண்டும். மேட்டையொட்டித் தாழையும், அதற்குப் பின்னால் பூவரசும் புன்னையும், இன்னும் உள்ளே வேம்பும் பனையும் நின்றால், முதல் மூன்று கோடைக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு அவை தாமாகவே நிற்கும். பூவரச மரத்தடியில் மணல் பரப்பிய தரையில் இருப்பதைப் போல ஒரு சுகம் எந்தப் புற்றரையிலும் இல்லை என்பது கோடையில் இங்கு வாழ்ந்த எவருக்கும் தெரியும். சவுக்கு நடுவதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அது விரைவாக வளரும், காற்றைத் தடுக்கும். அதனால்தான் சுனாமிக்குப் பின் பல கரைகளில் அது நடப்பட்டது. ஆனால் அதன் சருகு தடித்து மூடிய மணலில் அடம்பனும் புல்லும் படர்வதில்லை. மேட்டின் மேல் அதை நடக்கூடாது. தரைப்பக்க எல்லையில் ஒரு வரிசை நிற்கலாம்.

இனி, இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். அந்தக் கடற்கரை வெறும் நிலமன்று; அது தொழில் நடக்கும் இடம். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியும். வலையின் இரண்டு தலைப்புக் கயிறுகளையும் இரண்டு குழுக்கள் வெகுதூரம் விலகி நின்று பிடித்து, இழுக்க இழுக்க ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வர வேண்டும். கயிற்றைப் பிடித்தவர்கள் நீர்விளிம்பிலிருந்து மேட்டின் அடிவரை பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு கரைவலைக்கும் ஒரு பாடு, அதாவது வலை இழுப்பதற்கென்று உரிய கரைத்துண்டு, உண்டு. அந்தப் பாட்டின் எல்லை தலைமுறைகளாக அறியப்பட்டது. படகு ஏற்றும் இடம் வேறு, வலை பொத்தும் வாடி வேறு, கருவாடு காயவிடும் இடம் வேறு. வெளியார் ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து பார்த்தால் அவற்றில் பாதி வெறும் நிலமாகத் தோன்றும். விடிய நாலு மணிக்கு வந்தவருக்கு அப்படித் தோன்றாது.

கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று புறப்பட்டுத் தொழிலாளரை ஒதுக்கியதன் விளைவுகளுக்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையின் மெரீனாவை அழகுபடுத்துவதற்காக 1985 இல் அங்கிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது, அது மீனவர்களுக்கும் அரசுக்கும் இடையே பெரும் மோதலாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தக் கடற்கரையின் நடைபாதை 1880 களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் அமைக்கப்பட்டது; அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அங்கு மீனவர் குப்பங்கள் இருந்தன. உலாவ வந்தவர்களின் பார்வைக்கு வலை அழகுக் குறைவாகத் தோன்றியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். எங்கள் ஊரில் உலாவப் போகிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் வேறு வேறு மக்கள் அல்லர். ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பியர். ஆனாலும் வரைபடத்தில் பாட்டைக் குறிக்காமல் விட்டால், பிறகு ஒரு காவலாளியும், வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியும் நேருக்கு நேர் நின்று வாக்குவாதப்பட நேரும். அந்தக் காவலாளி எங்கள் ஊர்ப் பொடியனாகவே இருப்பான். ஒரு வருட வேலைக்காக அவனை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது.

எனவே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் தங்கள் பாடுகளையும், படகு ஏற்றும் வழிகளையும், வாடிகளையும், மாரியில் படகுகளை உள்ளிழுத்து வைக்கும் இடத்தையும் தாங்களே வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். அவற்றை நீக்கிய பின் எஞ்சும் நிலத்தில்தான் பூங்கா. அது சிறியதாக இருக்கலாம். துண்டு துண்டாகவும் இருக்கலாம். இரண்டு வாடிகளுக்கிடையே பத்துப் பூவரசும் ஐந்து வாங்கும் உள்ள ஒரு துண்டு, அப்பால் இன்னொரு துண்டு, இடையே ஒரு நடைபாதை என்று அமைந்தால் அதனால் என்ன குறை? வலை பொத்துவதைப் பார்த்தபடி ஒரு பிள்ளை ஊஞ்சலாடுவதைவிட எங்கள் ஊருக்குப் பொருத்தமான பூங்கா வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிப்பதற்காகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கும் வழக்கமுடைய மக்கள் நாங்கள். கடலுக்கு இறங்கும் வழிகளில் கதவும் பூட்டும் போடும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை விடயம் தெளிவானது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். கடலோடு தொடர்புள்ள களப்புகளின் வாயிலில் அந்த எல்லை தரைப்பக்கமாக 2 கிலோமீற்றர்வரை நீள்கிறது; வட்டுவாகலில் நந்திக்கடல் களப்பு கடலைச் சேரும் எங்கள் ஊருக்கு இது முக்கியமானது. இந்த வலயத்துள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் நடைமுறையில், காணி பிரதேச செயலகத்தின் பொறுப்பு; பூங்கா பிரதேச சபையின் பொறுப்பு; அனுமதி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு; படகுத்துறை கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பு; நகரத் திட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஐந்து இடத்திலும் நல்ல அலுவலர்கள் இருக்கலாம். ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் ஒன்றாக அந்த மணலில் நிற்காவிட்டால், ஒருவர் அனுமதித்ததை மற்றவர் அறியாமலே வேலை தொடங்கிவிடும்.

கட்டுவதற்குப் பணம் வெளியிலிருந்து வரும். பராமரிப்புக்குப் பணம் பிரதேச சபையின் வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். மதிப்பீட்டில் பராமரிப்புக்கென ஒரு வரி இல்லாத எந்தத் திட்டத்தையும் சபை ஏற்கக்கூடாது. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு நில்லாது. வாங்குகள் மரத்திலோ கொங்கிறீற்றிலோ அமையட்டும். ஊஞ்சலுக்குக் கயிறு போதும். அறுந்தால் எங்கள் தொழிலாளரே ஒரு மணித்தியாலத்தில் பின்னித் தருவார்கள். கச்சான், வடை, ஐஸ்கிறீம் விற்பவர்களுக்கு ஓர் ஓரத்தில் இடம் ஒதுக்கி, அவர்களிடமிருந்து சிறு வாடகையும், லன்ச் சீற்றும் பொலித்தீனும் மணலில் கிடக்காமல் பார்க்கும் பொறுப்பும் பெறலாம்.

வெளிச்சம் வேண்டும், பெண்கள் அச்சமின்றி வர அதுவே முதல் தேவை. ஆனால் விளக்குகள் கடலை நோக்கி எரியக்கூடாது. ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சத்தை நோக்கித்தான் ஊர்கின்றன. தரைப்பக்க விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். தாழ்வான, மேலே மூடிய, நடைபாதையை மட்டும் காட்டும் விளக்குகள் போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என்னால் முடியாது. வன்னியில் போரில் காலை இழந்தவர்கள் இல்லாத கிராமம் இல்லை. என்னிடம் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006 முதல் இருக்கின்றன. ஒரு சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது கட்டுமானத்தில் பொதுவான அளவு. மேட்டின் மேலாகப் போகும் மரநடைபாதை அந்தச் சாய்வில் அமைந்தால், கடந்த பல ஆண்டுகளாக வீதியில் நின்று கடலைப் பார்த்தவர்கள் கடலின் அருகே வந்து காற்றை வாங்கலாம். படிக்கட்டு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் சாய்தளம் சேர்ப்போம் என்றால் அது ஒருபோதும் சேர்க்கப்படுவதில்லை. முதலிலேயே சாய்தளம், படி பிறகு. மலசலகூடத்தின் கதவும் அதே நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். அதன் திறப்பு யாரிடம் இருக்கும் என்பது திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

அதே நடைபாதை தரைப்பக்கமாக நேரே பிரதான வீதிவரை தடையின்றிப் போக வேண்டும். கடல் எச்சரிக்கை வந்தால் பூங்காவில் இருக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் ஓட வேண்டிய வழி அது. சுற்றி மதில் கட்டி ஒரே ஒரு வாசல் வைத்த பூங்காவை, 2004 ஐக் கண்ட இந்த ஊரில் எவரும் கேட்கவும் கூடாது, கட்டவும் கூடாது.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த பின், கடலுக்குத் தப்பிய எங்கள் கிணற்றடியிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் என் மாணவர்களோடு நாடா பிடித்து, அலை ஏறிய இடத்தில் பனங்கட்டை நட்டு, தூரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். சில ஆண்டுகளில் நட்ட கட்டையே அடுத்த ஆண்டு இல்லாமல் போயிற்று, அதையும் எழுதியிருக்கிறோம். அது தேர்ந்த அளவையாளரின் வேலை அன்று. ஆனால் கடல் எந்த ஆண்டில் எதுவரை வந்தது என்பதற்கு அதில் ஒரு பதிவு இருக்கிறது. பிரதேச சபையோ, திணைக்களமோ, கடற்றொழிலாளர் சங்கமோ கேட்டால் அதன் பிரதியைக் கொடுக்கவும், வரும் மார்கழியில் ஒரு விடியற்காலையில் அவர்களோடு கிணற்றடியிலிருந்து கரைவரை நடந்து வரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
முல்லைத்தீவு.